எதிர்ச் சுவரில் உங்கள் படம்

என் தங்க அப்பா,

நீங்கள் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. கோயிலில் பூசை வைத்தோம், கல்லறைக்கு வெள்ளை அடித்தோம். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். ஊரும் கேட்டுக்கொள்ளட்டும்.

தம்பி ரெக்ஸன் ஜெயிலில் இருக்கிறான். மருந்துக்கடை அண்ணாச்சியைப் பிடித்துத் தள்ளிவிட்டு, கையில் சிக்கிய மாத்திரை அட்டைகளோடு ஓடியிருக்கிறான். கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்ததில் அவருக்கு நெற்றியில் தையல். திரேஸ்புரம் முழுக்க 'மாத்திரைத் திருடன்' என்றுதான் பேச்சு. முதல் மாத்திரையை அவனுக்கு யார் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான்தான் கொடுத்தேன் அப்பா.

புற்றுநோய் எலும்பில் இறங்கிய பிறகு டாக்டர் உங்களுக்கு எழுதித் தந்த வலி மாத்திரை ஞாபகம் இருக்கிறதா? உங்களை அடக்கம் செய்தபோது அதில் ஓர் அட்டை மிச்சம் இருந்தது. அந்த வாரம் கடலில் சங்கு குளிக்கப் போன ரெக்ஸன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான். கையைத் தூக்க முடியவில்லை.

"அப்பா சாப்பிட்டதுதாம்லே, ஒண்ணும் செய்யாது" என்று நானே தண்ணீரும் கொடுத்தேன். வேதியியல் படித்தவள். டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது என்று அட்டையில் போட்டிருக்கிற சிவப்புக் கோட்டுக்கு அர்த்தம் தெரிந்தவள்.

தோள் ஆறியது. மாத்திரை நிற்கவில்லை. கிடைக்காத நாளில் நடுக்கம், வேர்வை, வாந்தி. "இன்னும் ரெண்டு நாளைக்குத்தாங்க்கா. அப்புறம் விட்டுருதேன்" என்று அழுதான். உங்கள் பெயரில் டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு அலமாரியில் இருந்தது. எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ரோட்டுக் கடைக்குப் போனேன். நம் தெருவில் நடப்பது அங்கே தெரியாது.

"என்னம்மா, அப்பா எப்படி இருக்காவ?"

"அப்படியேதான் இருக்காவ அண்ணாச்சி."

சொன்னபோது அது பொய்யாகவே தோன்றவில்லை. ஒரு நிமிடம், வீட்டில் கட்டிலில் நீங்கள் காத்திருப்பது போலவே இருந்தது. அதற்காகவும்தான் மறுமாதமும் போனேனா? பிறகு சீட்டை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

ஆண்டு நினைவுக்குப் போஸ்டர் அடித்தோம். உங்கள் மருமகனோடு நீங்கள் பேசிச் சிரித்தபோது எடுத்த அந்தப் படம்தான். பசை வாளியோடு ஊரெல்லாம் சுற்றி ஒட்டியவன் ரெக்ஸன். அந்த மருந்துக்கடைக்கு நேர் எதிரேயும் ஒட்டியிருக்கிறான். அப்பாவை எல்லோரும் பார்க்கட்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு நினைப்பு இருந்திருக்காது. மறுநாள் அதே கடையில் அதே சீட்டை நீட்டினான்.

"ஏலே, ஒங்கப்பா எதுத்த செவத்துல சிரிச்சிக்கிட்டு இருக்காரு. மாத்திரை யாருக்குலே?"

இதைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி சீட்டை மேசைக்குள் போட்டிருக்கிறார். அதன் பிறகுதான் தள்ளுமுள்ளு. தலையில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவரே என்னிடம் சொன்னார். கடைசியாக ஒன்று கேட்டார்: "நீயும்தானம்மா சொன்ன, அப்படியேதான் இருக்காவன்னு?"

வாங்கிப் போன பழத்தை அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன் அப்பா.

"சீட்டு அவன் எடுத்துட்டுப் போனதாவே இருக்கட்டும். கைப்பிள்ளைக்காரி நீங்க, வாயத் தொறக்காதீங்க" என்கிறார் வக்கீல். கப்பலில் வேலைக்குப் போயிருக்கும் உங்கள் மருமகனும் போனில் அதையேதான் சொல்கிறார். என்னையும் பிடித்துப் போட்டால் பிள்ளையை யார் பார்ப்பது? அந்தப் பயம் எனக்கு இல்லாமல் இல்லை. ஆனால் நேற்று உங்கள் பேத்தி கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்து வந்து, "மிட்டாய்" என்று என்னிடம் நீட்டினாள். இந்த வீட்டில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால், அது மிட்டாய் இல்லை என்று இவளுக்கு யார் சொல்வது?

நாளைக் காலையில் ஸ்டேஷனுக்குப் போகிறேன். முதல் மாத்திரையும் நான் கொடுத்தது, சீட்டும் நான் கொடுத்தது என்று எழுதிக் கொடுப்பேன். ரெக்ஸனுக்குத் தண்டனையோடு வைத்தியமும் வேண்டும் என்று கேட்பேன். அங்கிருந்து அண்ணாச்சியிடம் போவேன். அப்பா எப்படி இருக்காவ என்று இனி யார் கேட்டாலும், தவறிட்டாவ என்று சொல்வேன். இது உங்கள் மேல் சத்தியம்.

ஓராண்டாக உங்களைக் கட்டிலிலேயே காத்திருக்க வைத்த மூத்த மகள்,
ஜெசி