ஒன்பது புள்ளி ஆறு ஓம்

கெலுகோர்,
3 மார்ச் 2024

மாடி வீட்டு ஐயா அவர்களுக்கு,

வணக்கம். கீழ்வீட்டு லோகேஸ்வரி எழுதுகிறேன். நீங்கள் குடிவந்து மூன்று வாரமாகியும் முகம் பார்க்கவில்லை. நீங்கள் விடியுமுன் வேலைக்குப் போகிறீர்கள். என்னால் கணவரை விட்டு மாடியேற முடியவில்லை. அதனால்தான் தபால்பெட்டியில் இந்தக் கடிதம்.

என் கணவர் சந்திரசேகரனுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. ஆக்சிஜன் இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டும். நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே பிரேக்கர்தான். நீங்கள் வந்ததிலிருந்து காலை ஐந்தரைக்கு அது விழுந்து கரண்ட் போய்விடுகிறது. இருட்டில் தடவிப் போய் ஆக்சிஜன் சிலிண்டரை நான் மாட்டுவதற்குள் அவர் உதடு நீலம் பாரித்துவிடுகிறது. மேலே என்ன போடுகிறீர்கள் என்று தயவுசெய்து கொஞ்சம் பாருங்கள்.

இப்படிக்கு,
லோகேஸ்வரி


4 மார்ச் 2024

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். நான் குணாளன். மாக் மண்டின் தொழிற்பேட்டையில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் பதினெட்டு வருடமாக மின்சாதனம் சோதிப்பதுதான் எனக்கு வேலை. ஆகவே கணக்கோடு பேசுகிறேன்.

பிரேக்கர் தாங்குவது 16 ஆம்பியர். அதை 230 வோல்ட்டால் பெருக்கினால் 3680 வாட். காலையில் என் வீட்டில் ஓடுபவை: மின்சாரத் தோசைக்கல் 1500, விசிறி 70, விளக்கு 30. ஆக மொத்தம் 1600. பிரேக்கர் விழுகிறதென்றால் மீதி இரண்டாயிரத்துச் சொச்சம் உங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும். சோறாக்கும் பானை, இஸ்திரிப் பெட்டி இவற்றை அந்த நேரத்தில் தவிர்த்தால் நல்லது.

ஐயா நலம்பெற வேண்டுகிறேன்.

குணாளன்


11 மார்ச் 2024

திரு குணாளன் அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் சொன்னபடியே செய்தேன். பானையை நிறுத்தினேன், பெட்டியை நிறுத்தினேன். அப்படியும் விழுந்தது. அவர் தலைக்கு மேல் ஓடும் விசிறியையும் நிறுத்தினேன். வியர்வையில் நனைந்துகொண்டு, "பரவாயில்லைலா லோகா, நீ அலையாத" என்கிறார்.

உங்கள் கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். ஆக்சிஜன் இயந்திரம் 350, ஐஸ்பெட்டி 150. உங்கள் 1600ஐயும் சேர்த்தால் 2100. 3680 தாங்கும் பிரேக்கர் 2100க்கு ஏன் விழ வேண்டும்? எட்டாம் வகுப்போடு நின்றவள் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று அவர் கண் செருகிவிட்டது. அந்த இரண்டு நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

லோகேஸ்வரி


17 மார்ச் 2024

அன்புள்ள தம்பிக்கு,

தம்பி என்று எழுதலாம் அல்லவா? "பார்த்துச் சரிசெய்துவிட்டேன்" என்று நீங்கள் ஒற்றை வரி போட்டதிலிருந்து ஐந்து நாளாகப் பிரேக்கர் விழவில்லை. என்ன மாயம் செய்தீர்களோ! அவர் நிம்மதியாகத் தூங்குகிறார். நேற்று என் ரசத்தில் உப்பில்லை என்று சண்டைகூடப் போட்டார். அதைக் கேட்டுச் சமையற்கட்டில் நின்று அழுதேன்.

உங்களுக்குக் கோடி நன்றி. தபால்பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் பையில் பால் பாயசம் இருக்கிறது. ஏலக்காய் தூக்கலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
லோகேஸ்வரி அக்கா


18 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

பாயசத்தை என்னால் குடிக்க முடியவில்லை. அது எனக்கு உரியதல்ல.

அந்தத் தோசைக்கல் என் தங்கை ஹேமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. அங்கே வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அதற்குத்தான் அது 1500 வாட். நான் கடையில் ஒரு மாற்றுச் செருகியை வாங்கி, இங்கே 230 வோல்ட்டில் சொருகிவிட்டேன்.

உங்கள் கேள்வியைப் படித்த பிறகுதான் கல்லின் மின்தடையை அளந்தேன். 9.6 ஓம். நாட்டுக்கு நாடு வாட் மாறும். கல்லுக்குள் இருக்கும் கம்பியின் தடை மாறாது. 230ஐ 230ஆல் பெருக்கி 9.6ஆல் வகுத்தால் 5510 வாட். பிரேக்கர் தாங்குவது 16 ஆம்பியர்; அந்தக் கல் ஒன்றே 24 இழுத்திருக்கிறது. தொழிற்சாலையில் சோதனைக்கு வரும் எதிலும் நான் முதலில் பார்ப்பது வோல்ட்டைத்தான். என் வீட்டில் பார்க்கவில்லை.

ஒரு நிமிடத்தில் கல் காய்வதைப் பார்த்து, அமெரிக்கச் சரக்கு என்று பெருமைப்பட்டேன். பிரேக்கர் விழும்போதெல்லாம் உங்களைத்தான் முணுமுணுத்தேன். காய்ந்த கல்லில் இரண்டு தோசை சுட்டுத் தின்றுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவேன். அந்த நேரம் ஐயா கீழே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வாய் மூடியிருக்கலாம் என்றுதான் அந்த ஒற்றை வரியை எழுதினேன். நீங்கள் நன்றி சொன்ன பிறகு அது முடியவில்லை. மன்னிப்புக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது.

குணாளன்


19 மார்ச் 2024

அன்புள்ள தம்பி குணாளனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில் மாடிக்கே வந்து இரண்டு கொடுத்திருப்பேன். நல்லவேளை, நீங்கள் வேலைக்குப் போயிருந்தீர்கள். நோயாளியை வியர்க்கவிட்டேனே, அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

அவருக்கும் படித்துக் காட்டினேன். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "லோகா... இந்தாளு சொல்லாம இருந்தா... நமக்குத் தெரியுமா?" என்றார். தெரிந்திருக்காது. எட்டு மாதமாக எல்லோரும் எங்களிடம் நல்லதாகவே சொல்கிறார்கள். டாக்டரம்மா "பார்க்கலாம்" என்கிறார். மகன் "அடுத்த மாதம் வருகிறேன்" என்கிறான். தனக்கே கேடாக இருந்தும் உள்ளதை உள்ளபடி எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அதற்குத்தான் தம்பி இந்த நன்றி. பாயசத்தோடு சொன்னதைவிடப் பெரிய நன்றி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாசாருக்குப் போகும் ஒரு மணி நேரம் அவர் தனியாக இருக்கிறார். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று பயந்து பயந்தே மீன் வாங்குவேன். உங்களுக்கு அன்று விடுமுறைதானே? சிலிண்டரை மாட்டுவது எப்படி என்று அவரே சொல்லிக்கொடுப்பார்.

எங்கள் வீட்டுச் சாவியை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா