தூணுக்குப் போர்த்திய போர்வை

என் வாயாடிக்கு,

நான் சௌக்கியம். உன் முட்டிவலி குறைஞ்சுதா? அத்தை மாத்திரையை ஒழுங்காப் போடுறாங்களா?

இங்க கடல் பாலத்துத் தூணுக்கு சிமெண்டைக் குறைச்சு, அனல்மின் நிலையத்துச் சாம்பலைக் கலந்தோம். உப்புத் தண்ணி சுலபமா உள்ளே இறங்காது. ஆனா மெதுவாத்தான் இறுகும். அதுவரைக்கும் ஈரம் காயக் கூடாது. சாக்கு பத்தலை. நீ கொடுத்துவிட்ட போர்வையை நனைச்சுத் தூணுக்குச் சுத்திட்டேன். திட்டாதே!

ஒரு மாசம் கழிச்சு, அதே கலவையில வார்த்த சோதனைக் கட்டியை அமுக்கிப் பார்த்தப்போ, குறைஞ்ச பாரத்துலயே நொறுங்கிடுச்சு. தூணையே இடிக்கணும்னு இன்ஜினியர் குதிச்சார். "இன்னொரு மாசம் பொறுங்க சார்"னேன். இன்னைக்கு அடுத்த கட்டியை உடைச்சோம். கேட்ட பாரத்துக்கு மேலயே தாங்கிச்சு. தூண் தப்பிச்சுது, நானும்தான்.

வண்டி வந்துடுச்சு. வேற போர்வை அனுப்பு. புதுசு வேண்டாம். நீ போர்த்துறதையே அனுப்பு, துவைக்காம.

உன் சாம்பல்காரன்