கடலோடு போகாத கடதாசிகள்

அனுப்புநர்:
காலிதீன் பாத்திமா றிபா,
தரம் 10 மாணவி,
கடற்கரை வீதி, மருதமுனை.

பெறுநர்:
மாவட்டப் பொறுப்பதிகாரி,
நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை,
மாவட்டச் செயலகம், அம்பாறை.

பொருள்: 2007 ஆம் ஆண்டு செய்யப்பட்ட மணிக்கூட்டின் பத்திரங்கள் 2004 ஆம் ஆண்டுச் சுனாமியில் அழிந்தன என எழுதிக் கொடுத்து விற்றமை பற்றிய முறைப்பாடு.

கனம் ஐயா,

பொருள் வரியில் ஆண்டுகளை மாற்றி எழுதிவிட்டேன் என்று தாங்கள் நினைக்கக்கூடும். மாறவில்லை. மூன்று தடவை சரிபார்த்த பின்னரே எழுதியுள்ளேன்.

1. எனது தகப்பனார் கைத்தறி நெசவாளர். எனது தாயார் சுனாமியில் காலமானார். எனது மூத்த சகோதரி றம்லாவுக்கும், டோஹாவில் தொழில் புரியும் அர்ஷாத் என்பவருக்கும் எதிர்வரும் 14.08.2009 வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடைபெறவுள்ளது. மாப்பிள்ளை வாசலுக்கு வந்ததும் பெண்ணின் தகப்பன் அவர் கையில் மணிக்கூடு கட்டி உள்ளே அழைப்பது எங்கள் குடும்பத்து வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் இன்னது வேண்டும் என்று கேட்கவில்லை. “உம்மா இல்லாத புள்ள எண்டு ஒண்டும் குறையப்படாது” என்று வாப்பாதான் சொன்னார்.

2. ஆகவே அவர் சேமிப்புப் பணத்துடன் ஒரு தறியையும் விற்று, கல்முனை பஸாரில் மேல்மாடி அறையொன்றில் பழைய மணிக்கூடுகள் விற்கும் மஜீட் என்பவரிடம் 14.03.2009 அன்று பாவித்த சுவிஸ் மணிக்கூடு ஒன்றை வாங்கினார். பெட்டி இல்லை. உத்தரவாத அட்டை இல்லை. முதல் வாங்கிய பற்றுச்சீட்டும் இல்லை. வாப்பா கேட்டதற்கு மஜீட் அண்ணன் முறை வைத்துக் கூறியது: “எல்லாம் கடலோட பெய்த்து, காக்கா.”

3. ஐயா, இவ்விடத்தில் தங்களுக்கு ஒரு விடயத்தை விளக்க வேண்டும். எங்கள் கரையில் ஒருவர் ‘கடலோடு போய்விட்டது’ என்று சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கேட்பது மரியாதையும் அல்ல. எனது பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதிப் பத்திரம், உம்மாவின் படங்கள் அனைத்தும் அப்படித்தான் போயின. நாங்கள் சொன்னதைப் பிறர் நம்பினார்கள். அதனால் வாப்பாவும் நம்பினார்.

4. ஆனால் அந்தச் சான்றிதழ்களை மறுபடி எடுப்பதற்காகப் பதினொரு மாதங்கள் கந்தோர் கந்தோராக அலைந்தவர் அவர். எதையும் எழுத்தில் வாங்கும் பழக்கம் அதற்குப் பின்னர்தான் வந்தது. “அப்ப அதயே எழுதித் தாங்க” என்றார். மஜீட் சிரித்துக்கொண்டு முத்திரை ஒட்டிய தாளில் எழுதிக் கையொப்பமிட்டார்: “இம்மணிக்கூட்டின் பெட்டியும் பத்திரங்களும் 26.12.2004 அன்று எனது வீட்டிலிருந்து கடலால் அள்ளுண்டு போயின.” இத்தாளே எனது முறைப்பாட்டின் உயிர். (இணைப்பு 1)

5. மணிக்கூட்டின் பின்புறத்தில் எறும்பின் கால் அளவில் ஓர் எண் இருப்பதை நான் கண்டேன். பாடசாலை விஞ்ஞான கூடத்தில் அனுமதி பெற்றுக் கைவில்லையால் வாசித்தேன். ஒவ்வொரு மணிக்கூட்டுக்கும் ஒரே ஓர் எண்தான் உண்டு என்று நூலகத்துச் சஞ்சிகையொன்றில் படித்திருந்தேன். உடனே ஆங்கில ஆசிரியையின் உதவியுடன் அதைச் செய்த சுவிட்சர்லாந்து நிறுவனத்துக்கு அந்த எண்ணைக் குறிப்பிட்டு விவரம் கேட்டுக் கடிதம் எழுதினேன். யுத்தம் முடிந்ததைக் கொண்டாடி வீதியில் பட்டாசு வெடித்த கிழமையிலும் நான் தபால்காரரையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

6. 09.07.2009 அன்று பதில் வந்தது. மணிக்கூடு அசல்! செய்யப்பட்ட ஆண்டு 2007! அவ்வாண்டே டோஹாவிலுள்ள கடையொன்றுக்கு அனுப்பப்பட்டது என்றும், மறு வருடம் அதன் உரிமையாளர் அது காணாமற்போனதாக அறிவித்துள்ளார் என்றும் எழுதியிருந்தார்கள். (இணைப்பு 2) இரண்டு இணைப்புகளையும் மேசையில் அருகருகே வைத்துத் திகதிகளை மறுபடி வாசித்தேன். இன்னும் செய்யப்படாத ஒரு மணிக்கூட்டின் கடதாசிகளைக் கடல் எப்படி அள்ளிச் செல்லும்?

7. 13.07.2009 அன்று வாப்பாவும் நானும் மஜீட்டிடம் சென்றோம். “என்ன காலிதீன் காக்கா, லோயரயும் கூட்டி வந்திரிக்கீங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நான் திகதிகளைக் காட்டினேன். “சுவிஸில இரிக்கிறவனுக்கு நம்மட கடலப் பத்தி என்ன தெரியும்?” என்றார். நான் மறுபடியும் காட்டினேன். அப்போது அவர் குரல் மாறியது: “பொலிஸுக்குப் போறெண்டாப் போங்க. களவுச் சாமான் எண்டா அது இப்ப உங்கட கையிலதான் இரிக்கி. கலியாண வீட்டுக்கு ஜீப் வந்தா நல்லாவா இரிக்கும்?”

8. அன்றிலிருந்து வாப்பா நித்திரையின்றி இருக்கிறார். பேசாமல் விட்டுவிடுவோம் என்றார். விட்டுவிட முடியாது என்று நான் சொன்னேன். மாப்பிள்ளை விடுமுறை முடிந்து அந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு அதே டோஹா விமான நிலையத்தில்தான் இறங்குவார். அவரிடம் கடதாசி கேட்டால் அவர் எந்தக் கடலைச் சொல்வார்? றம்லா ராத்தா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “வாப்பா, எனக்கு மாப்பிள்ளதான் வேணும், மணிக்கூடில்ல. நேரம் காட்டுற ஒண்டக் கட்டி விடுங்க.” அதன் பின்னரே வாப்பா இம்முறைப்பாட்டுக்குச் சம்மதித்தார்.

ஆகவே, மஜீட்டை அழைத்து அம்மணிக்கூடு அவர் கைக்கு எப்படி வந்தது என்று விசாரிக்குமாறும், எனது தகப்பனார் அதை நல்லெண்ணத்துடன் வாங்கித் தாமாகவே ஒப்படைக்கிறார் என்பதை 14.08.2009 இற்கு முன்னர் எழுத்தில் தந்து உதவுமாறும் கேட்டுக்கொள்கிறேன். உரிமையாளர் யாரென்று எனக்குத் தெரியாது. அவரிடம் பெட்டியும் கடதாசிகளும் இப்போதும் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறேன். மணிக்கூடு அவற்றிடம் போய்ச் சேர வேண்டும்.

இன்னொன்று. நாங்கள் ‘கடலோடு போய்விட்டது’ என்று இனிமேலும் பல கந்தோர்களில் சொல்ல வேண்டியிருக்கும். அப்போதும் எங்களை நம்ப வேண்டும். அதற்காக, கடல் கொண்டுபோனவற்றின் பட்டியலில் இந்த மணிக்கூட்டைச் சேர்க்காதிருக்க ஆவன செய்யுங்கள். எங்கள் வீட்டுப் பட்டியல் ஏற்கனவே நீளமானது.

தங்கள் பதிலுக்காகத் தபால்காரரை எதிர்பார்த்திருக்கும்,
கா. பா. றிபா
மருதமுனை
21.07.2009

தகப்பனின் உறுதிமொழி: மேலே கண்டவை உண்மை. எழுதி வாங்கியவன் நான். வாசித்துப் பார்த்தவள் மகள்.
(ஒப்பம்) மு. காலிதீன்