தலையணை உறை

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம்தான். இன்று சுகாதார நிலையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். தொற்று வந்து பிழைத்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்கிறார்களாம். படிப்பைக் கேட்டார். எட்டாவதோடு நின்றதைச் சொன்னேன்.

"இந்த ரெண்டு வாரத்துல எத்தனை நாள் அழுகை வந்துச்சு கண்ணு?"

"வரலைங்க."

"ஒரு நாள்கூடவா? பரவாயில்லையே, தைரியசாலிதான்."

நான் பொய் சொல்லவில்லை அக்கா. வரவில்லை.

பிறகு கண்ணை மூடச் சொல்லி நான்கு சின்னப் புட்டிகளை மூக்கருகே காட்டினார். என் மூக்குக்கு நான்கும் தண்ணீர் மாதிரியே இருந்தன. வெட்கமாக இருந்ததால் இரண்டு முறை சோப்பு என்று சொல்லிவைத்தேன்.

"இதுல சோப்பே இல்லையேம்மா" என்றார்.

கண்ணைத் திறந்தபோது அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மாதமாக இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. "அடுத்த வீட்டு அடுப்புல என்ன இருக்குன்னு இங்கிருந்தே சொல்லிடுவா, நாய்மூக்கு" என்று அம்மா என்னைக் கிண்டல் செய்வாளே.

அம்மாவின் தலையணை உறையை அவள் போனதிலிருந்து துவைக்காமல் என் பெட்டியில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிறேன். வெறும் துணியாகத்தான் இருக்கிறது. "அழுக்கா கிடக்கே, ஞாயித்துக்கிழமை ஊறப்போடவா?" என்று அப்பா கேட்கிறார்.

அதற்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. அம்மா வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்துச் சொல். இருந்தால் பெட்டியிலேயே இருக்கட்டும். இல்லையென்றால் நானே துவைத்துவிடுகிறேன்.

உன் தங்கை,
நாய்மூக்கு