பச்சைப் பாறைப் பொடி

நாள் 52. காலை 07:10
செவ்வாய், மேட்டுக் கூடாரம். பதிவது மரியசூசை, தாவரப் பிரிவு. வெப்பம் 19 பாகை. காற்றழுத்தம் சரி. விதைத்தது நானூறு, முளைத்தது ஏழு. இங்கே பச்சைப் பாறை. பயிரைக் கருக்கும் நிக்கல் அதிகம், சுண்ணாம்புச் சத்து இல்லை, மண் இரண்டு விரல் கனம். தொண்ணூறாம் நாளுக்குள் விளைச்சல் காட்டாதவன் சுரங்க வேலைக்குத் திரும்ப வேண்டும்.

கீழே பள்ளத்துக் கூடாரத்தில் என் ஊர்க்காரன் இளஞ்சேரன். எரிமலைப் பாறை பொடிந்த கரிசல். முழங்கால் ஆழம்.

நாள் 58. மதியம் 13:05
வானொலியில் இளஞ்சேரன்: “டேய் சூசை, தட்டைப்பயறு இடுப்பு வரைக்கும் வந்துடுச்சுடா. உன் பாறை ஏதாச்சும் குட்டி போட்டுச்சா?”
சிரித்தேன். வானொலியை அணைத்த பிறகு தாடை வலித்தது. சீட்டுக் குலுக்கி நிலத்தைப் பிரித்தார்களாம். குலுக்கியவர் அவன் மாமா. ஊரில் எங்களுக்குக் கரடும் அவர்களுக்கு வயலும் எந்தக் குலுக்கலில் விழுந்தன? அங்கேயும் கேட்கவில்லை. இங்கேயும் கேட்கவில்லை.

நாள் 63. மாலை 16:40
ஏழில் ஐந்து கருகிவிட்டன. தொலைநோக்கியில் இரண்டு மணி நேரம் அவன் வயலையே பார்த்திருந்தேன். இலை எண்ணினேன். அவனுடைய இலை.

நாள் 64. காலை 09:30
பனி உருக்கும் தொட்டி என் மேட்டில் இருக்கிறது. காற்றடைத்த நடைகுழாய்க்குள், பிளாஸ்டிக் விரித்த வாய்க்காலில் நீர் அவனுக்கு இறங்குகிறது. நாற்பது மீட்டர் விரிப்பை உருவினேன். பாறைப் பொடியைக் கொட்டினேன். மேலே கல் கரைக்கும் அமிலம், இரண்டு கேன். இனி நிக்கல் நீரோடு இறங்கும்.
காலிக் கேன்களை அங்கேயே போட்டுவிட்டுத் திரும்பினேன்.

நாள் 71. காலை 08:15
“நுனியெல்லாம் வெளுக்குதுடா சூசை. ஒண்ணும் புரியல. நீ பாறை படிச்சவன், சொல்லேன்.”
“தண்ணி அதிகமா விட்டிருப்ப” என்றேன்.

நாள் 74. காலை 10:50
“உங்கிட்ட சொல்லாம வச்சிருந்தேன். குலுக்கல் மோசடின்னு தலைமைக்கு எழுதிட்டேன். மாமா இப்ப எங்கூடப் பேசுறதில்ல, போகட்டும். பள்ளத்துல பாதி உன் பேருக்கு மாறிடுச்சுடா. இன்னிக்குத்தான் உத்தரவு வந்துச்சு. பயிரு சாகுது, ரெண்டு பேருமா பார்ப்போம். நானே மேல வர்றேன், இரு. வாய்க்கால் வழியாவே பார்த்துக்கிட்டு வர்றேன்.”

11:25
மணிக்கட்டுக் கருவியில் பதிகிறேன். அவனுக்கு முன்னே வாய்க்காலுக்கு ஓடி வந்தேன். உருவிய விரிப்பைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்; கிழிந்துவிட்டது, ஒட்டவில்லை. காலிக் கேன்கள் இங்கேயே கிடக்கின்றன.

11:31
வளைவில் அவன். குனிந்து நீரைத் தொடுகிறான். விரலில் ஒட்டிய பச்சைப் பொடியைப் பார்க்கிறான். கேன்களைப் பார்க்கிறான். என்னை இன்னும் பார்க்கவில்லை.

இதைக் கண்டெடுப்பவருக்கு: செத்த வயலில் பாதி என்னுடை—