படிச்ச கிருமியும் பாதி முட்டையும்

அக்கா,

இன்று காலை கோமதி மருந்துப் பால் டின் ஒன்றைப் புதிதாகத் திறந்தாள். பழைய மீனும் துருப்பிடித்த இரும்பும் கலந்ததுபோல ஒரு வாடை அடுக்களையைத் தாண்டி வாசல்வரை வந்தது. அதை முகர்ந்து யாராவது சிரிப்பார்களா? நான் சிரித்தேன். "என்னம்மா?" என்று கேட்டாள் மகள். "பெரியம்மா ஞாபகம் வந்துட்டு" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே மூக்கைப் பிடித்துக் குடித்து முடித்தாள்.

மதுரை ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்த வரிசையில்தான் உங்களை முதலில் பார்த்தேன். கோமதி கைக்குழந்தை. பிறவியிலேயே வந்த குறை, புரதத்தில் உள்ள ஒரு சத்தை இவள் உடம்பால் சிதைக்க முடியாது, அது ரத்தத்தில் சேர்ந்தால் மூளையைக் கெடுக்கும் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லி அனுப்பியிருந்தார். பருப்பு, முட்டை, கறி எதுவும் ஆயுசுக்கும் ஆகாது, அதற்குப் பதில் இந்த மருந்துப் பால்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். யூசுபைக் கையில் பிடித்தபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

"எந்த ஊரு?"

"சங்கரன்கோவில்."

"நான் கடையநல்லூரு. பக்கந்தான். அழாத ட்டி. என் மவனுக்கும் இதே சீக்குதான். பாரு, பள்ளிக்கூடம் போறான், என்னைய எதுத்துப் பேசுதான். வேற என்ன வேணும்?"

அன்றிலிருந்து நமக்கு இரண்டு அடுக்களைகள். நீங்கள் என் வீட்டுக்கு வருவீர்கள், இல்லையென்றால் நான் பஸ் ஏறி வருவேன். பருப்பும் உளுந்தும் இல்லாமல் என்னென்னவோ சமைத்துப் பார்த்தோம். முதல் ஜவ்வரிசி தோசையை யூசுப் சுவரில் எறிந்தான். அது ஒட்டிக்கொண்டது. "விழாம நிக்குதும்மா" என்று அவன் கைதட்ட, கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

ஆனால் பெருநாளன்று வீடெல்லாம் கறி மணக்க, நீங்கள் மட்டும் அவனோடு உட்கார்ந்து பருப்பில்லாத பூசணிக்காய்க் கூட்டு சாப்பிடுவீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். "அவன் தட்டுல இல்லாதது என் தட்டுக்கு எதுக்கு?" என்றீர்கள்.

யூசுப் படித்து, வேலைக்கு வெளிநாடு போனான். அங்கிருந்துதான் அந்தச் செய்தியைச் சொன்னான். குடலில் வாழும் ஒரு நல்ல பாக்டீரியாவின் மரபணுவை மாற்றியிருக்கிறார்களாம். நமக்கு ஆகாத அந்தச் சத்தை, உடம்பு உறிஞ்சுவதற்கு முன்பே அது குடலுக்குள் சிதைத்துவிடுமாம். பொடியாக வரும், தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள், சேரட்டுமா என்று கேட்டான்.

"வேண்டாம்னு சொல்லுங்கக்கா. தெரிஞ்சே கிருமியக் குடிப்பாங்களா?" என்றேன். நீங்களும் பயந்தீர்கள். டாக்டர்களிடம் இதைக் கேள், அதைக் கேள் என்று அவனை விரட்டினீர்கள். மருந்தை நிறுத்தினால் அந்த பாக்டீரியா குடலில் தங்காது, கொஞ்ச நாளில் வெளியே போய்விடும் என்று தெரிந்த பிறகுதான் உங்கள் குரல் இறங்கியது.

"உங்க கோயில் புத்துமண்ண பிரசாதம்னு வாயில போட்டுக்கிடுதியளே, அதுல எத்தனை கிருமி இருக்கோ. இதாவது படிச்ச கிருமி. குடிக்கட்டும்."

முதலில் அவனுக்கு வயிறு கலங்கியது. பிறகு பழகிவிட்டது. ரத்தத்தில் அளவு இறங்க இறங்க, டாக்டர்கள் அவன் சாப்பாட்டில் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தீர்கள். "வரும்போது உங்க ஊரு பிரியாணி ஒரு பொட்டலம் வாங்கிட்டு வா. முட்டை வைக்கச் சொல்லு." யாருக்கு என்று கேட்பதற்குள் போனை வைத்துவிட்டீர்கள். சூடான பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி யாரென்று யோசித்தபடியே பஸ்ஸில் வந்தேன்.

விருந்தாளி போன் திரைக்குள் இருந்தான். யூசுபின் முன்னால் ஒரு தட்டு. அதில் பாதி முட்டை. அவன் வாழ்க்கையின் முதல் முட்டை. நீங்கள் பொட்டலத்தைப் பிரித்து, முட்டையை எடுத்து இரண்டாக வகிர்ந்தீர்கள்.

"அவன் அங்கன பாதி, நான் இங்கன பாதி. கறி உனக்கு. அவன் கறி திங்குத அன்னைக்கு நானும் திம்பேன்."

அவன் மென்றான், நீங்களும் மென்றீர்கள். "எப்படில இருக்கு?" என்று கேட்டீர்கள். அவன் விழுங்கிவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, சப்புன்னு இருக்கு. இதுக்கா இம்புட்டு நாளு ஏங்கினேன்?" என்றான். கண்ணில் நீர் வர நீங்கள் சிரித்த அந்தச் சிரிப்புக்குத் தெருவே எட்டிப் பார்த்தது.

பின்னால் அந்தச் சோதனையை நிறுத்திவிட்டார்கள். எதிர்பார்த்த அளவுக்குப் பலன் இல்லை என்றார்களாம். யூசுப் பழைய பத்தியத்துக்குத் திரும்பினான். நீங்கள் உடைந்துவிடுவீர்கள் என்று ஓடி வந்தேன். முறத்தில் ஜவ்வரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். "தின்னது தின்னதுதான ட்டி. அத யாரு திருப்பி வாங்க முடியும்? இந்தக் கிருமி பெயிலாயிட்டு. வேறொண்ணுக்குப் பாடம் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருப்பானுவ" என்றீர்கள்.

அந்தப் பேச்சைத்தான் இன்னும் வைத்திருக்கிறேன். அடுத்த சோதனை நம் பக்கம் வந்தால் சேர்வேன் என்கிறாள் கோமதி. அவளை நான் தடுக்கப் போவதில்லை. நீங்கள் கண்ணை மூடி இரண்டு பெருநாள் கடந்துவிட்டது. என் பயமும் உங்களோடு போய்விட்டது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. யூசுபுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. குதிகாலில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். அவளுக்கு இந்தக் குறை இல்லை. நேற்று பேசினான். பின்னால் குழந்தை பசித்து அழும் சத்தம் கேட்டது. நம் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலைக்கூட அளந்துதானே கொடுத்தோம். அளந்தே சாப்பிட்டு வளர்ந்த பழக்கத்தில் கேட்டுவிட்டான்.

"சின்னம்மா, இவளுக்கு எம்புட்டுப் பால் குடுக்கலாம்?"

"வயிறு நெறைய குடுக்கச் சொல்லு மக்கா" என்றேன்.