துண்டுக்குள் வந்த எலி

வெள்ளிக்கிழமை, இரவு

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்கு அலுமினியம் கொடுத்து ஞாபகத்தைக் கெடுத்தோம். சிலவற்றுக்கு மட்டும் கூடவே, ஞாபகத்தைக் காக்குமா என்று பார்க்க, ஒரு மருந்தும் கொடுத்தோம். அவற்றில் ஒன்று, வாலில் மஞ்சள் கோடு போட்டது, தொட்டித் தண்ணீருக்குள் மறைந்திருக்கும் மேடைக்கு நேராக நீந்திப் போய்விடும். ஏறியதும் நான் துண்டால் துவட்டிவிடுவேன்.

இன்று மூளையை எடுத்துப் பார்க்கும் நாள். கொல்வதற்காகத்தான் அதன் கூண்டைத் திறந்தேன். என் கையில் துண்டைப் பார்த்ததும் தானாகவே ஓடி வந்து அதற்குள் புகுந்துகொண்டது.

“ஒங்கள எம்புட்டு ஞாபகம் வச்சிருக்கு! குடுங்கம்மா, நான் பாத்துக்கிறேன்” என்றார் கூண்டு கழுவும் சேவியர் அண்ணன்.

“வேணாம்ண்ணே. அதுக்கு என் கைதான் பழக்கம்.”

மூளையை எடுத்துப் பார்த்தேன். மருந்து பலித்துவிட்டது. ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கி, மழையில் நனைந்தே வீட்டுக்கு வந்தேன். தலை துவட்ட அம்மா துண்டை நீட்டினாள். என்னால் வாங்க முடியவில்லை.